தேதி போடாத கடிதம்

உட்காரும்மா, எழுந்திரிக்காதே. கம்பெனி ஆபீஸிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று நர்ஸ் சொன்னதும் பதறி எழுந்து நின்றாய் பார், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆபீஸ்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பெரிய ஆள் கிடையாது. வருகைப் பதிவேடு எழுதுவேன், மேனேஜர் ஞானதுரை சார் சொல்கிற கடிதங்களை எழுதுவேன், அவ்வளவுதான். என் பேர் ஆக்னஸ். நீ சந்தனமாரி, கொம்பையாவின் வீட்டுக்காரி, சரிதானே? இந்தா, ஆப்பிள். சார் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொள். முதலில் நானும் வேண்டாம் வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இதே பெஞ்சில்தான் இருந்தேன், போன ஆடி மாதம். பெஞ்சின் இந்தக் கால் அப்போதே ஆடும். ஒரு மாத்திரை அட்டையை மடித்துக் கீழே வைத்தேன். குனிந்து பார், இன்னும் இருக்கும். இருக்கிறதா? அது நான் வைத்தது. என் மகள் ஆலினுக்கு அப்போது ஒன்றரை வயது. அவளை மடியில் போட்டுக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பேர் ரெஜின். நம்முடைய மீன்தூள் கம்பெனியிலேயே பிட்டர். அவருக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. உன் வீட்டுக்காரருக்கு முழங்கைக்குக் கீழே என்று டாக்டர் சொன்னாராமே. முழங்கை மடங்கும் என்றால் அது பெரிய காரியம். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, கூட இருந்து பார்த்துச் சொல்கிறேன். முழங்கை மடங்கினால் குழந்தையைத் தூக்கலாம்.

உனக்கு இன்னும் பிள்ளை இல்லை, இல்லையா? வயிற்றில் நாலு மாதமா. சரி, சரி. அழாதே. மாதா பார்த்துக்கொள்வாள்.

அதே மெஷின்தான். நீ உள்ளே வந்து பார்த்ததில்லையே, சொல்கிறேன் கேள். நீளமாக ஓர் இரும்புத் தொட்டி. அதன் முழு நீளத்துக்கும் உள்ளே ஒரு திருகு சுற்றும். அதை ஸ்குரூ என்பார்கள். வெந்த மீனை அந்தத் திருகுதான் தள்ளிக்கொண்டு போய் உலர்த்துகிற டிரம்மில் போடும். சாளை மாதிரிச் சின்ன மீன் என்றால் சிக்கல் இல்லை. பெரிய மீன் தலையும் முள்ளும் வந்தால் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். நின்றால் மூடியைத் திறந்து, கையை விட்டு, முள்ளைப் பிடுங்கிப் போட வேண்டும். பிட்டர் செய்கிற வேலை அது. ஆலின் அப்பாவுக்குப் பிறகு பிட்டர் யாரும் நிலைக்கவில்லை. அதனால்தான் இரண்டு மாதம்கூட ஆகாத உன் வீட்டுக்காரரைச் செய்யச் சொன்னார்கள்.

ஆலின் அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்குரூவில் கை வைக்கும் முன்னால் சுவர் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற சுவிட்சு ரூமுக்குப் போவார். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, யாராவது வந்து போட்டுவிடுவார்கள் என்பார். அந்த மெஷினுக்கு வருகிற மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வருவார். வேலை முடிந்து அவரே திரும்பப் போய் மாட்டுகிற வரைக்கும் அந்த மெஷின் செத்த பிணம். உள்ளே வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார். அவர்களும் புதிதாக வருகிறவர்களுக்கு இன்றைக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

வீட்டிலும் இதே கூத்துதான். பல்பு மாற்ற வேண்டும் என்றால் மெயினில் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு நாள் அதைப் பையில் போட்டபடியே வேலைக்குப் போய்விட்டார். நானும் பிள்ளையும் சாயங்காலம் வரைக்கும் ஃபேன் இல்லாமல் வெந்து கிடந்தோம். வந்ததும், உங்களைக் கட்டிக்கொண்டதற்கு ஒரு மெழுகுவர்த்தியைக் கட்டியிருக்கலாம், வெளிச்சமாவது கிடைத்திருக்கும் என்று ஏசினேன். சிரித்தார். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பார்.

கம்பெனியிலும் அதைப் பற்றி முணுமுணுப்பு உண்டு. இவர் பையில் கட்டையைப் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டால் மீன் கிடந்து நாறும், லைன் நிற்கும், மீன் கொண்டுவருகிற போட்டுக்காரர்கள் சத்தம் போடுவார்கள். ஞானதுரை சாருக்கு லைன் நின்றால் பிடிக்காது. மற்றபடி தங்கமான மனுஷன்.

அன்றைக்கும் கட்டையை எடுத்துவிட்டுத்தான் போனேன் என்று உள்ளே கட்டிலில் கிடந்து சொன்னார். மயக்கம் தெளிந்ததும் முதல் பேச்சு அதுதான். "எடுத்திட்டுத்தான் போனேன் ஆக்னஸ். எடுத்திட்டுத்தான் போனேன்." தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் அதற்கும் அதுதான் பதில். ஜுர வேகத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். நர்ஸும் அப்படித்தான் சொன்னாள்.

அவருடைய துணியை ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் அலசலாம் என்று உதறினால், கால்சட்டைப் பையிலிருந்து மூன்று கட்டை விழுந்தது. வெள்ளைப் பீங்கான். ஒன்றில் ரத்தம். எனக்குப் பயமாகிவிட்டது. ரத்தத்தைப் பார்த்து இல்லை. கம்பெனிப் பொருள் நம் வீட்டில் கிடக்கிறதே என்றுதான். நாளைக்கு, கை போனதுமல்லாமல் திருட்டுப் பட்டமும் வந்துவிட்டால்? நான் சிஸ்டர்மாரிடம் படித்தவள். வகுப்பில் கீழே கிடந்த ஒரு ரப்பரைக்கூடத் தொலைத்தவளிடம் கொடுக்காமல் வீட்டுக்குப் போனதில்லை.

அதனால் கழுவித் துடைத்து, ஒரு துணியில் கட்டி, நேராகக் கம்பெனி ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். ஸ்டோரில் வேலாயுதம் அண்ணாச்சி. வயசானவர். கட்டைகளை விரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத வேற யாருக்கும் காட்டுனியா தாயி?" என்று கேட்டார். இல்லை அண்ணாச்சி என்றேன். "கண்டிப்பா இங்க குடுக்கணுமா?" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. வரவு எழுதச் சோம்பல்பட்டுக்கொண்டு இப்படிக் கேட்கிறாரே என்று. உங்கள் பொருள், நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார் அவர். அந்த மாதமே வேலையை விட்டுப் போய்விட்டார். பாவம், கண் சரியில்லையோ என்னவோ.

பிறகு நான் ஞானதுரை சாரிடமே கேட்டேன். கேட்காமல் இல்லை. இவர் கட்டையை எடுத்தேன் என்கிறாரே சார், பையிலும் இருந்ததே சார் என்று. அவர் கோபப்படவே இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "ஏம்மா, நீயே சொல்லு. ஃபியூஸ எடுத்திருந்தா மெஷின் எப்படி ஓடும்?" யோசித்துப் பார்த்தேன். அது நியாயம்தானே? ஃபியூஸ் இல்லாமல் மெஷின் ஓடாது. ஓடியிருக்கிறது என்றால் எடுக்கவில்லை. பையில் இருந்தது ஏதாவது பழைய கட்டையாக இருக்கும் என்றார்.

கை போன மூன்றாம் நாள்தான் நான் அந்த மன்னிப்புக் கடிதம் எழுதியது. இங்கேதான், இந்த ஜன்னல் ஓரத்தில்.

அதைச் சொல்வதற்கு முன்னால் சிஸ்டர் ஃபிலிப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கான்வென்ட்டில் ஆறாம் வகுப்பு டீச்சர். அடிக்க மாட்டார்கள். தப்பு செய்தால் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். மேலே வலது பக்கம் தேதி. பிறகு, செய்த தப்பு என்ன. பிறகு, அது என் தப்புதான். பிறகு, இனிமேல் செய்ய மாட்டேன். கீழே கையெழுத்து. காரணம் எழுதக் கூடாது. காரணம் சொல்வது ஆணவம் என்பார்கள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வகுப்பில் யார் தப்பு செய்தாலும் என்னிடம்தான் எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு தடவை காற்றில் ஜன்னல் அடித்துக் கண்ணாடி உடைந்தது. யார் உடைத்தது என்று சிஸ்டர் கேட்டபோது யாரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குத் தாங்காது. நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். கொடுத்த உடனே நெஞ்சில் ஒரு லேசு வரும் பார், அது தனி சுகம்.

ஞானதுரை சார் வந்து, ரெஜினைத் திரும்ப வேலைக்கு எடுக்க முதலாளியிடம் பேசியிருக்கிறேன், கேட்டில் உட்கார்கிற வேலை, ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் இருந்தால் முதலாளி மனசு இளகும் என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. வேறு என்ன செய்ய முடியும் என்னால்? குழந்தையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். "ஓடுகிற மெஷினில் மூடியைத் திறந்து கையை விட்டுச் சுத்தம் செய்தேன். அது என் தவறு. இனிமேல் ஒருபோதும் அப்படிச் செய்ய மாட்டேன்." கை போனதை எழுதட்டுமா என்று கேட்டேன். அது ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருக்கிறதே, இதில் எதற்கு என்றார். தேதி போடப் போனேன். "தேதி வேண்டாம்மா, முதலாளி ஊர்ல இருந்து வந்த பெறவு நானே போட்டுக்கிடுதேன்" என்றார். எனக்கு என்னவோ போல இருந்தது. தேதி இல்லாமல் நான் ஒரு காகிதம்கூட எழுதியதில்லை. இருந்தாலும் பெரியவர் சொல்கிறார்.

கையெழுத்து? அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கையும் இல்லை. நானே போட்டேன். கல்யாணமான புதிதில் அவருடைய லீவு லெட்டரெல்லாம் நான்தான் எழுதிக் கையெழுத்தும் போடுவேன், விளையாட்டாக. அந்த ரெ-யின் கொம்பு எப்படி வளையும் என்று எனக்குத் தெரியும். சார் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

கேட் வேலை வரவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று நாலு மாதம் போனது. அப்புறம் யாரோ சொல்லி இவர் லேபர் ஆபீஸில் மனு கொடுத்தார். வேலை செய்கிற இடத்தில் கை போனால் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தாக வேண்டுமாம், அது தர்மம் இல்லையாம், சட்டமாம். எனக்கு இதெல்லாம் பயம். ஆபீஸர் முன்னால் குழந்தையோடு போய் நின்றேன். கம்பெனி வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். என் கடிதம். மேலே தேதி போட்டிருந்தது. கை போனதற்குப் பதினோரு நாள் முன்னால் உள்ள தேதி.

வக்கீல் சொன்னார், ஏற்கெனவே ஒரு தடவை ஓடுகிற மெஷினில் கையை விட்டுப் பிடிபட்டு, மன்னிப்பு எழுதிக் கொடுத்து, அதன் பிறகும் வேண்டுமென்றே திரும்பச் செய்திருக்கிறார் என்று. ஆபீஸர் அம்மா கடிதத்தை ஆலின் அப்பாவிடம் நீட்டி, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டார்கள். அவர் வாங்கிப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார்.

"ஆமா, என் கையெழுத்துதான்" என்று சொன்னார்.

அவரே ஒத்துக்கொண்டாரே, அப்புறம் என்ன? தப்பு செய்யாதவர் எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்? நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். தேதி ஏதோ கை தவறிப் போட்டிருப்பார்கள். சாரிடம் அதையும் ஒரு நாள் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "கையெழுத்து போட்டது நீதானேம்மா. அதெல்லாம் கிளறாத, உனக்குத்தான் வம்பு. பிள்ள இருக்கு" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். பொய்க் கையெழுத்துக்கு ஜெயில் உண்டாமே. ஆலினை யார் பார்ப்பார்கள்?

மனு தள்ளுபடியான மறு மாதம் சார் என்னைக் கூப்பிட்டு ஆபீஸில் உட்கார வைத்தார். பார், அவருக்கு என்ன அவசியம்? ஆலின் அப்பா வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். இடது கையாலேயே அவளுக்குத் தலை சீவிவிடுகிறார். என்னிடம் அதிகம் பேச்சு இல்லை. சாப்பாடு போடவா என்றால் போடு என்பார். பல்பு ஃபியூஸ் போனால் நான்தான் மாற்றுகிறேன். அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஆபீஸில் என்னை நம்புகிறார்கள், அதைச் சொல்ல வேண்டும். சார் மேசையின் டிராயர் சாவி என்னிடம்தான் இருக்கிறது. முத்திரை, செக் புத்தகம், ரப்பர் பேண்டு போட்டு மூன்று ஃபியூஸ் கட்டை, எல்லாம் அதில்தான். ஃபியூஸ் போனால் உடனே மாற்ற வேண்டும், லைன் நிற்கக் கூடாது என்று சார் உபரியாக வைத்திருக்கிறார். முந்தாநாள்கூட அவசரமாக வந்து, ஆக்னஸ், அந்தக் கட்டையை எடு என்றார், எடுத்துக் கொடுத்தேன். ஒரு நிமிஷம் தாமதமானால் முகம் மாறிவிடும் அவருக்கு.

சரி. நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தா தாள், இந்தா பேனா. எட்டாவது படித்திருக்கிறாய் அல்லவா, போதும். உன் எழுத்திலேயே இருந்தால்தான் நல்லது என்று சார் சொன்னார். நான் சொல்லச் சொல்ல எழுது. கொம்பையா மயக்கத்தில் இருந்தால் பரவாயில்லை, கீழே நீயே போடலாம், நான் போடவில்லையா? தேதி வேண்டாம். அதை சார் போட்டுக்கொள்வார்.

இன்னொன்று, மறந்தே போனேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிமணியில் கம்பெனிப் பொருள் ஏதாவது இருந்தால் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். சும்மா ஒரு வழக்கத்துக்குத்தான். இருக்கிறதா? அந்த மஞ்சள் பையிலா? என்னவென்று தெரியவில்லையா உனக்கு? எடு, நான் பார்த்துச் சொல்கிறேன்.

இது…

கால்சட்டைப் பையிலா இருந்தது? மூன்றுமா? புதுசாகத்தான் இருக்கிறது. மெஷின் நம்பர்கூட பெயின்ட்டில் போட்டிருக்கிறது.

இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டாம். நீ உட்கார். முந்தாநாள் எத்தனை மணிக்கு என்று சொன்னார்கள் உன்னிடம்? பத்தரை. பத்தரைக்குக் கை போயிற்று. டீ வந்த பிறகா, முன்னாலா என்று உனக்கு எப்படித் தெரியும். எனக்குத் தெரியும். ஆபீஸில் டீ பத்தேகாலுக்கு வரும். டீ கிளாஸை ஓரமாக வைத்துவிட்டுத்தான் நான் டிராயரைத் திறந்தேன்.

எடுத்திட்டுத்தான் போனேன் என்று ஆலின் அப்பா சொன்னாரே சந்தனமாரி. மூன்று நாளும் சொன்னாரே.

என்னிடம் நீட்டாதே. நீட்டாதே என்கிறேன், பைக்குள் போடு. துடைக்காதே, அந்தக் கறை அப்படியே இருக்கட்டும். நான் துடைத்துவிட்டேன். யார் வந்து கேட்டாலும் கொடுக்காதே. ஆஸ்பத்திரி ஆள் கேட்டாலும், சார் நேரில் வந்து மெதுவாகக் கேட்டாலும். அவர் மெதுவாகத்தான் கேட்பார். நாளைக்கு நானே திரும்ப வந்து கேட்டாலும் கொடுக்காதே. வருவேன், என்னை எனக்குத் தெரியும். ராத்திரி பிள்ளை முகத்தைப் பார்த்தால் பயம் வந்துவிடும், காலையில் ஓடி வருவேன். கொடுக்காதே. லேபர் ஆபீஸ், பாளையங்கோட்டை ரோட்டில். அந்த ஆபீஸர் அம்மா கையில் கொடு. கொடுப்பதற்கு முன்னால் நாலு பேர் பார்க்க அதைப் போட்டோ எடுத்துக்கொள்.

சாரிடம் நான் என்ன சொல்வேன்? துணியில் ஒன்றும் இல்லை என்பேன். பொய்தான். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வருமா என்று தெரியவில்லை.

தாளையா? வைத்துக்கொள், தாளை எதற்குத் திருப்பித் தருகிறாய். எழுது. கம்பெனிக்கு இல்லை, அந்த ஆபீஸர் அம்மாவுக்கு. என்ன நடந்ததோ அதை எழுது. காரணத்தை எழுது, எல்லாக் காரணத்தையும் எழுது. டிராயரை எழுது. யார் திறந்தது என்றா?

முதலில் தேதி போடு. மேலே, வலது பக்கம். போட்டுவிட்டாயா, காட்டு. இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடு. யாரும் மாற்ற முடியாதபடி.

இப்போது எழுது. ஆக்னஸ் என்று எழுது. ரெஜின் மனைவி ஆக்னஸ்.